மாமியார் பாத்திரம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னலில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள் நிஷாலினி. கொழும்பிலிருந்து இலக்கிய முகவர் பேசினார்.

"நாவலோட மொழிநடை அருமை. பதிப்பகம் கட்டாயம் எடுக்கும். ஆனா, அந்த மாமியாரோட பாத்திர வார்ப்புதான் சரியில்ல. மருமகளுக்கும் சேர்த்துக் கொழுந்து பறிக்கிறா, ஒரு தடவகூடக் கோபப்படல. உள்முரணே கிடையாது. யார் நம்புவாங்க?"

அடுப்படியில் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது.

நிஷாலினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டைப் பண்ணும்போதே நானும் சொன்னேங்க. அவங்க கேக்கல."

"யாரு கேக்கல?" முகவர் குழம்பினார்.

"எழுதினவங்கதாங்க." அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அத்தை, கேட்டுச்சா? இனியாவது அந்த மாமியார ஒங்கள மாதிரியே எழுதுங்க!"