எதிர்ப்பக்கத்து நாற்காலி

வீட்டுச் சுவரில் தொங்கும் இயேசுவின் கடைசி இராவுணவுப் படத்தை வைத்து ஆஷ்லின் எழுதிய துப்பறியும் நாவலை, அவள் மாமியார் மரியபுஷ்பம் படித்து முடித்து மேசைமேல் கவிழ்க்கிறார். சன்னலுக்கு வெளியே காப்பித் தோட்டத்தை மூடுபனி விழுங்கியிருக்கிறது. மாமியார், மாமனார், நாத்தனார் ஃபெபி, புருஷன் கிங்ஸ்டன் நால்வரும் மேசைக்கு ஒரே பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஷ்லின் கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை படிகிறது. "நொம்ப நல்லாத்தான் எழுதியிருக்கற. ஏங்கண்ணு, காப்பில வெசம் வெக்கறது மருமவதானே?" "அது வெறும் கதைங்க அத்தை." "அப்ப மொதல்ல நீ குடி, சாமி." டம்ளர் அவள் பக்கம் நகர்ந்து வருகிறது. கிங்ஸ்டன் தன் டம்ளரிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொள்கிறான். ஆஷ்லின் அவர்கள் தலைக்கு மேலே இருக்கும் படத்தைப் பார்க்கிறாள். அதிலும் எல்லாரும் ஒரே பக்கம்தான். எதிர்ப்பக்கம் யாருக்கென்று நாவல் முழுக்கத் தேடியும் கண்டுபிடிக்காமல் விட்டவள், இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.