தலைவர் கலந்த பொய்

“இந்தத் தடவை உங்க பருப்பு வேகாது சார்! பொய்யைப் பிடிச்சுட்டேன்!”

வரைபடத்தைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு, அவர் சொல்லாமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் ‘புள்ளி’ என்று பெயர். புள்ளியியல் படித்துவிட்டு ரேடியோ தொலைநோக்கியிடம் வந்து மாட்டிக்கொண்டவள்.

முதல் விண்மீன்கள் பிறந்த காலத்து ரேடியோ அலையில் ஒரு சின்னப் பள்ளம் தெரிய வேண்டும். அதைத்தான் வருடக்கணக்கில் தேடுகிறார்கள். ஆட்கள் அசந்துவிடக் கூடாதென்று தலைவர் அவ்வப்போது ஒரு பொய்ப் பள்ளத்தைத் தரவில் ரகசியமாகக் கலந்துவிடுவார். போன தடவை அதைக் கோட்டை விட்டாள் புள்ளி. இந்த மாதமும் ஒன்று உண்டு, தவறவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று அவரே மிரட்டியிருந்தார்.

தலைவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். கணக்கு எவ்வளவு தப்பலாம் என்று காட்டும் பிழை வரம்பில் அவர் விரல் நின்றது.

“வரம்பு இவ்ளோ குறுகலா இருக்கே. எப்பவும் தாராளமா விடுவியேம்மா?”

“நிஜமா இருந்தா பயம் வரும் சார். ஊரே கேள்வி கேக்கும், எதுக்கும் இருக்கட்டும்னு அகலமா விடுவேன். இது நீங்க வெச்சதுதானே? உள்ளதை உள்ளபடி போட்டேன்.”

“செல்போன் கோபுரத்து இரைச்சல்?”

“கழிச்சாச்சு.”

“நம்ம ஆன்டெனாவோட கோளாறு?”

“அதையும் சேத்துதான் இந்த வரம்பு. ரெண்டாவது ஆன்டெனாலயும் அதே இடத்துல அதே பள்ளம். தற்செயலா வர வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணுகூட இல்ல. ரெண்டுலயும் மறக்காம கலந்திருக்கீங்க பாருங்க, கில்லாடி சார் நீங்க!”

தலைவர் சிரிக்கவில்லை. பிடிபட்ட கடுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கோ மனசு நிறைந்திருந்தது. வேலை தப்பித்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம்.

“ஒத்துக்கோங்க சார். இன்னிக்கு எல்லாருக்கும் டீ உங்க செலவு.”

அவர் வரைபடத்தை இரண்டு கைகளாலும் எடுத்தார்.

“டீ என்னம்மா, விருந்தே வைக்கிறேன். பல்வலின்னு வீட்ல சுருண்டு கெடந்தேன்ல? இந்த மாசம் நான் எதையுமே கலக்கலை.”