வலி நூத்துக்குப் பத்து

"நல்லாயிருக்குதுங்க டாக்டர். முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலைங்க."

அன்புக்கரசி வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சைப் பொய். காலையில் தாராபுரத்தில் கிளம்பும்போது அம்மாவின் ஜாக்கெட் கொக்கியை மாட்டிவிட்டதே இவள்தான். சிங்காநல்லூர் வரைக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையைக் கோத்துக்கொண்டு வந்தாள் அம்மா. இப்போது தேவலையாம்.

"வலிக்கு நூத்துக்கு எத்தனை போடலாம்? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா நூறு," என்றார் டாக்டர் கோவிந்தராஜுலு.

"பத்துப் போட்டுக்குங்க."

லோகப்பிரியாவின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்த முடியவில்லை.

அம்மாவுக்கு வந்திருப்பது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே புத்தி கெட்டுப்போய் மூட்டுகளை அரிக்கிற நோய். அதற்குப் புதுசாக ஒரு மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார்கள். நிஜமாகவே வேலை செய்கிறதா என்று இந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. பழைய மருந்தோடு சேர்த்து, பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுவென்று டாக்டருக்கே தெரியாது. யாரும் கூப்பிடவில்லை. அம்மாவாகப் போய்ச் சேர்ந்தாள்.

சேர்ந்ததிலிருந்து இதே பாட்டுத்தான். சற்று முன்னால்கூட வெளியே பெஞ்சில் பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம், "அருமையான மருந்துங்க, தைரியமாத் திங்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரன்கூட இப்படி விளம்பரம் செய்யமாட்டான்.

டாக்டர் அம்மாவின் கையை வாங்கி ஒவ்வொரு கணுவாக அமுக்கினார். நடுவிரலில் கை வைத்ததும் அம்மா துள்ளி விழுந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க, கூச்சமுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வீக்கம் அப்படியே இருக்குது. ரத்தப் பரிசோதனையிலயும் நோயோட வேகம் ஒண்ணும் குறையலை. நீங்க மட்டும் ஒவ்வொரு தடவையும் நல்லாயிருக்குங்கறீங்க. எனக்குப் புரியலையே."

அவ்வளவுதான். அதற்கு மேல் லோகப்பிரியாவால் அடக்க முடியவில்லை.

"எங்கம்மா பொய் சொல்லுதுங்க டாக்டர்!"

"லோகு, வாயை மூடு. நீ போய் வெளிய உக்காரு."

"எதுக்குப் போறது? சோத்தைப் பெசைய முடியறதில்லீங்க, ஸ்பூன்ல திங்குது. நேத்துக் காப்பி டம்ளரைக் கீழ போட்டுருச்சு. கேட்டா வழுக்கிப்போச்சுங்குது. கல்யாண ஊட்டுல சாம்பார்ல உப்பே இல்லைன்னாலும் அருமைங்கன்னு சொல்லிப்போட்டு வருமுங்க. இங்கயும் அதே மரியாதை!"

"டாக்டர் மனசு நோகுமில்ல அம்மணி."

"அவரு மனசு நோகாம இருக்கறதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அந்த மாத்திரையை நான் செய்யலைம்மா. அது ஃபெயிலானா எனக்கொண்ணும் கோபமில்லை. உண்மையைச் சொன்னா உங்களை இதுல இருந்து எடுத்து வேற மருந்துக்கு மாத்த வழியிருக்கு. இப்படியே விட்டா விரலெல்லாம் கோணிப்போகும். பொறவு நிமிராது. அது மட்டுமில்லை, வேலை செய்யாத மருந்தை நல்ல மருந்துன்னு நம்பி நாளைக்கு எத்தனை பேரு திங்கறது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா," லோகப்பிரியா விடவில்லை. "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லோணும். ஒளிச்சு வெச்சு யாருக்கு என்ன லாபம்? டாக்டர்கிட்டப் பொய் சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகறதில்லை."

"எம்பது போட்டுக்குங்க," என்றாள் அம்மா, மேஜையைப் பார்த்து.

டாக்டர் பெருமூச்சு விட்டார். லோகப்பிரியா பக்கம் திரும்பினார். "உன்னை மாதிரி ஆளு ஊட்டுக்கு ஒண்ணு வேணும் கண்ணு. என்ன படிக்கறே?"

"நிறுத்திட்டேனுங்க. பக்கம் பக்கமா எழுதறதெல்லாம் எனக்கு ஆகாதுங்க."

"சரி, உன்னையும் ஒண்ணு கேக்கோணும். இது சில குடும்பத்துல அம்மாவுக்கு இருந்தாப் பிள்ளைக்கும் வர வாய்ப்பிருக்கு. உனக்குக் காலையில விரல் விறைக்குதா? வீக்கம், வலி ஏதாவது..."

"எனக்கென்னங்க? ஒண்ணுமில்லீங்க."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. மடியிலிருந்த கை மெதுவாகத் துப்பட்டாவுக்குள் போனது.

"பொய்யுங்க."

சொன்னது அன்புக்கரசி. இப்போது தலை நிமிர்ந்திருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுச் சுடுதண்ணியில கையை வெச்சுட்டு உக்காந்திருக்கறாளுங்க. நான் தூங்கறேன்னு அவளுக்கு நெனப்பு. கேட்டா என்ற மேலயே எரிஞ்சு விழுவா."

டாக்டர் லோகப்பிரியாவைப் பார்த்தார். லோகப்பிரியா சுவரைப் பார்த்தாள்.

"அதைப் பாத்துப்போட்டுத்தானுங்க நான் இந்த ஆராய்ச்சிக்கே பேரு குடுத்தேன். என்ற விரலு கோணினாக் கோணிட்டுப் போகுதுங்க. நான் நல்லாயிருக்குன்னு சொன்னாத்தானுங்களே மருந்து வெரசாக் கடைக்கு வரும்? இவளுக்கு வேணுமில்லீங்களா?"