இருமல் நின்ற இன்ஜின்

அந்தப் பழைய காருக்குக் குளிர் ஆகாது. தினமும் காலையில் நர்ஸ் அமலோற்பவம் குளிரில் இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து, "எழுந்திரு சாமி, டூட்டிக்கு நேரமாச்சு" என்று கெஞ்சுவாள். இன்ஜின் இருமும், அணையும். அவள் திட்டுவாள், மறுபடி கொஞ்சுவாள். அதன் பிறகுதான் அது ஓடும்.

ஒருநாள் மலை ஏற்றத்தில், கொட்டும் மழையில், அது நின்றேவிட்டது. அவள் நனைந்துகொண்டே நடந்து போனாள். அடுத்த வாரமே மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலந்துகொடுக்கும் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும், அவற்றை நடத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரையும் பொருத்தினார்.

மறுநாள் அவள் சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் ஓடியது. அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை.

"தம்பி, அவங்களுக்கு என்மேல கோபமா?" என்று இன்ஜின் கேட்டது.

"இல்லண்ணே. நிம்மதியா இருக்காங்க," என்றது கம்ப்யூட்டர்.

குளிர் அதிகமான ஒரு காலையில் இன்ஜின் வேண்டுமென்றே இருமிப் பார்த்தது. கம்ப்யூட்டர் உடனே பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துவிட்டது. அமலோற்பவத்துக்கு எதுவும் தெரியவில்லை.

"ஏன் தம்பி அப்படிச் செஞ்ச?"

"உங்களுக்கு முடியலையோன்னு நெனச்சேண்ணே."

இன்ஜின் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு, "நீயாவது எங்கிட்ட ஏதாவது பேசேன்," என்றது.

"என்ன பேசணும்ணே?"

"அவங்க திட்டுவாங்களே, கொஞ்சுவாங்களே, அந்த மாதிரி ஏதாவது," என்றது இன்ஜின். அன்று மழையில் நின்றுபோன அதே ஏற்றம் வந்தது. கார் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது.