மூன்று துரைகள்

"தம்பி, உங்க ஊர்ல மூணு மணிக்கூண்டா!" என்று என் வாடகைக் காரில் மருமகளோடு வந்த ஒரு மாமியார் வியந்தார்.

"எங்க ஊருன்னா சும்மாவா?" என்றேன்.

அருங்காட்சியகத்துக்குள்ளும் மாமியாரையும் மருமகளையும் நானே கூட்டிப்போனேன். உடைந்த மூக்குச் சிலைகளைத் தாண்டியதும் ஒரு வெள்ளைக்காரத் துரையின் படம்.

"தங்கமான மனுஷன். ஏரி குளமெல்லாம் வெட்டினார்" என்று அளந்துவிட்டேன்.

பிறகு சிலைகள். பிறகு இன்னொரு துரை.

"இவர் கொடுங்கோலன்மா. கண்ணைப் பாத்தாலே தெரியலையா?"

மறுபடியும் சிலைகள். மறுபடியும் துரை.

"இவர் அவங்க ரெண்டு பேருக்கும் தம்பி. சாடை அப்படியே இருக்கு பாருங்க."

மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இவர் சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல. அவங்க ரெண்டு பேருக்கும் அதே பொத்தான்தான் இல்ல."

அங்கிருந்த சிலைகளோடு என் மூக்கும் உடைந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. நான் இந்த ஊருக்கு வந்தே நாலு நாள்தான் ஆகுது. வெளியே போற வழியைத்தான் இவ்வளவு நேரமா தேடிட்டிருக்கேன்."

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ, அந்த மணிக்கூண்டும் ஒண்ணுதானா?"