பூட்டி வைத்த பெயர்

“பூட்டி வெச்சிருந்த பேரைத் திறந்து பார்த்தது நீங்கதானே?”

“ஆமா சார், நான்தான்.”

அறையில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. மழுப்புவார், அழுவார், கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடுவார் என்று நினைத்திருந்தார்கள். பல் டாக்டரோ எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

விசாரிக்க உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மருத்துவமனையின் துணை இயக்குநர். சட்டம் என்றால் சட்டம்தான் அவருக்கு. அடுத்த இயக்குநர் அவர்தான் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. இன்னொருவர் வக்கீலம்மா. புகார் கொடுத்த கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி மடிக்கணினியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“மேடம், வாயில வர்ற வியாதிக்கும் உடம்புல வர்ற வியாதிக்கும் என்ன சம்பந்தம்னு ஆராய்ச்சி பண்ணத்தான் நோயாளிங்களோட பதிவுகளைக் குடுத்தோம்” என்றார் அதிகாரி. “பேரை எடுத்துட்டு வெறும் நம்பர்தான் குடுத்தோம். எந்த நம்பர் யாருன்னு பார்க்கணும்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும். டாக்டர், உங்களுக்கு இது தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் திறந்தீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

“ஏம்மா அப்படிப் பண்ணீங்க?” என்றார் வக்கீலம்மா.

“ஒரு நம்பர் கண்ணை உறுத்திச்சு மேடம். எங்க பல் பிரிவுல, ‘ஈறுல சீழ், வைத்தியத்துக்குத் திரும்ப வரலை’ன்னு எழுதியிருக்கு. இதயப் பிரிவுல, ‘செயற்கை வால்வு’ன்னு இருக்கு. பொதுப் பிரிவுல, ‘விட்டு விட்டு ஜுரம், காரணம் தெரியலை’ன்னு இருக்கு. மூணையும் சேர்த்து யாருமே பார்க்கலை. ஈறுல இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்து வால்வுல போய் உட்கார்ந்தா உயிருக்கே ஆபத்து.”

“அனுமதி கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன். குழு அடுத்த மாசம்தான் கூடும்னு பதில் வந்துச்சு. அந்த உடம்பு அதுவரைக்கும் தாங்குமான்னு பயம். பேரைப் பார்த்தேன், ஃபோன் பண்ணினேன். உடனே ரத்தப் பரிசோதனை பண்ணச் சொன்னேன். நான் பயந்த மாதிரியேதான் இருந்துச்சு. இப்ப வைத்தியம் நடக்குது.”

வக்கீலம்மாவின் முகம் இளகியது. “அப்ப அந்த நோயாளி யாருன்னு சொல்லுங்க. கூப்பிட்டுக் கேட்கிறோம். ‘இவங்களாலதான் பிழைச்சேன்’னு ஒரு வார்த்தை சொல்லட்டும், உங்களை எச்சரிச்சு விட்டுடலாம்.”



“சொல்ல மாட்டேன் மேடம்.”

“விளையாடாதீங்கம்மா, வேலை போயிடும்!”

“பார்த்ததே தப்பு. இப்ப சொன்னா அது அதைவிடப் பெரிய தப்பு. அவங்க வியாதியை வெளியில சொல்ற உரிமை அவங்களுக்குத்தான் இருக்கு.”

“அப்படி ஒரு நோயாளி இருந்தாத்தானே பேரைச் சொல்றதுக்கு?” என்று உதட்டைச் சுழித்தார் அதிகாரி. “சார், இவங்க கதை விடறாங்க. எந்தப் பேரைத் திறந்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கும். இதோ, இப்பவே எடுத்துடறேன்.”

மடிக்கணினியைத் திறந்தார். விரல்கள் பரபரவென்று ஓடின.

பல் டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். “வேண்டாம் சார்... ப்ளீஸ்.”

“ஏன், பொய் வெளிய வந்துடும்னு பயமா?”

“மூடுங்க அதை!”

மேஜை அதிர்ந்தது. துணை இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

“நோயாளிங்களோட ரகசியத்தைக் காப்பாத்தத்தான் இந்த விசாரணை. அதை நாமே சந்தி சிரிக்க வைக்கிறதா? அந்தப் பேர் இந்த அறையில வரக்கூடாது. இனிமே யாரும் அதைத் தேடவும் கூடாது!”

அதிகாரி வெலவெலத்துப்போய் மடிக்கணினியை மூடினார்.

துணை இயக்குநர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “தப்பை ஒத்துக்கிட்டாங்க. காரணம் நல்லதா இருக்கலாம். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இன்னியிலேர்ந்து சஸ்பெண்ட்.”

பல் டாக்டர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

“கறாரான மனுஷர்தான்” என்று அதிகாரியின் காதில் முணுமுணுத்தார் வக்கீலம்மா. “ஆனா முகம் தெரியாத ஒரு நோயாளிக்காக எப்படித் துடிச்சார் பார்த்தீங்களா? இப்படி ஒருத்தர்தான் இயக்குநரா வரணும்.”

லிஃப்டுக்காகக் காத்து நின்ற பல் டாக்டரின் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. துணை இயக்குநர். நடைபாதையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அருகில் வந்தார்.

“பேரைச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பீங்க. ஏன் சொல்லலை?” தாழ்ந்த குரலில் கேட்டார்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்ற பல் டாக்டரின் முகத்தில் கோபம் இல்லை.

“ஜுரம் விட்டுடுச்சேன்னு ஊசியைப் பாதியில நிறுத்திடாதீங்க சார். கிருமி இன்னும் உங்க வால்வுலதான் இருக்கு.”