மாதிரிப் பக்கத்துப் பெண்

சொந்தமாக இணையதளம் தொடங்குகிறவர்களுக்கு அதை அமைத்துத் தரும் நிறுவனமே ஒரு மாதிரிப் பக்கத்தைத் தருகிறது. அதில் 'எங்களைப் பற்றி' என்ற இடத்தில் முன்பே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெளுத்த முகம், கசங்காத காட்டன் புடவை, கையில் காபிக் கோப்பை, யாரைப் பார்த்தும் ஒரே சிரிப்பு. படத்துக்குக் கீழே என் பெயரை அடித்தேன்: செண்பகவல்லி, ஆரி வேலை ரவிக்கைகள், பதினோரு வருட அனுபவம். பிறகு அவளை நீக்கிவிட்டு என் படத்தை ஏற்றினேன். மாலையில் கணவர் பார்த்தார். "நம்ம வீட்டுப் பொம்பள போட்டோவ கண்டவனும் பாக்கணுமா? அந்தப் பொண்ணே இருந்துட்டுப் போகட்டும்" என்று அவரே அவளைத் திரும்ப உட்கார வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் யாரோ ஒரு வீட்டுப் பெண்தானே? அவளைக் கண்டவனும் பார்க்கலாமாம். நான் தைத்த ரவிக்கைகளையும் பார்க்கலாமாம். என்னை மட்டும் கூடாதாம். நேற்று ஒரு கல்யாணப் பெண் விலாசம் விசாரித்து வந்தாள். விரலிடுக்கில் ஊசியோடு கதவைத் திறந்தேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அக்கா, செண்பகவல்லி மேடம் இருக்காங்களா?" "நான்தாம்மா" என்றேன். அவள் போனை எடுத்து அந்தச் சிரிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "விளையாடாதீங்கக்கா, மேடத்தக் கூப்பிடுங்க." உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் தொண்டையைச் செருமினார். நான் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, நீங்க உக்கார வச்ச அந்தப் பொண்ணக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. அளவு எடுக்கணுமாம்."